டிராக்டர் புகையைக் குறைக்க எதில் பணம் போடுவது?

"டிராக்டர் புகையைக் குறைக்க எந்தக் கருவியை மாட்டலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. வண்டி வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அதில் எவ்வளவு நேரம் முழு பாரத்தில் இழுக்கிறது, எவ்வளவு நேரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஏனென்றால் ஒரே வடிகட்டி, நாள் முழுக்க ஆழ உழவு ஓட்டும் வண்டியில் தொந்தரவே இல்லாமல் உழைக்கும்; மருந்து தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போகும் வண்டியில் அடிக்கடி அடைத்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். வடிகட்டி மேல் குற்றம் இல்லை, வண்டி பார்க்கிற வேலைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் அது எந்த மாதிரி வண்டிக்கு, எந்த மாதிரி வேலைக்கு ஒத்துவரும் என்ற கோணத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். எல்லா வழிக்கும் சமமான இடம் கொடுக்கப் போவதில்லை. சிலவற்றைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, சிலவற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

முதலில் நாம் எதைக் குறைக்க நினைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். டீசல் புகையில் இரண்டு முக்கியமான எதிரிகள். ஒன்று கரித்துகள், அதாவது சரியாக எரியாத எரிபொருள் கரியாகி, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வருவது. இன்னொன்று நைட்ரஜன் ஆக்ஸைடுகள், இன்ஜின் ஆட்கள் 'நாக்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வது. கரித்துகள் கண்ணுக்குத் தெரியும், நாக்ஸ் பெரும்பாலும் தெரியாது. சிலிண்டருக்குள் காற்று போதாத இடத்தில் கரி உண்டாகிறது. சுடர் மிக அதிகமாகச் சூடாகும் இடத்தில், காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நாக்ஸ் உண்டாகிறது. சிக்கலே இங்கேதான். எரிப்பைச் சூடாகவும் நன்றாகவும் நடத்தினால் கரி குறையும், நாக்ஸ் கூடும். எரிப்பைக் குளிரவைத்தால் நாக்ஸ் குறையும், கரி கூடும். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டால் சந்தையில் இருக்கும் எல்லாத் தொழில்நுட்பமும் எதற்காக வந்தது என்பது தானாகப் புரிந்துவிடும்.

மூன்றாவதாகக் கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வெளியே வரும், இதை எந்த வடிகட்டியும் தடுக்காது. டீசலைக் குறைவாக எரிப்பது, அல்லது வேறு எரிபொருளுக்கு மாறுவது, இரண்டே வழி.

இதெல்லாம் யாருக்காக என்றும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகைக்கு ரொம்பப் பக்கத்தில், பல மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் வண்டியை ஓட்டுபவர். அடுத்து, கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுப் பழுது பார்ப்பவர். ஊர்க் காற்று, பருவநிலை எல்லாம் முக்கியம்தான், ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

செலவே இல்லாத வழியை யாரும் மதிப்பதில்லை

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவில் ஆயில் கசியலாம். சூடேறிய பிறகும் வெள்ளையாகவே வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலோ, அது தெளிக்கும் நேரத்திலோ (டைமிங்), சிலிண்டர் அழுத்தத்திலோ (கம்ப்ரஷன்) கோளாறு; சில நேரம் கூலன்ட் தண்ணீர் உள்ளே இறங்குவதாகவும் இருக்கலாம். இப்படி ஒரு வண்டியில் போய் ஆயிரக்கணக்கில் செலவு செய்து சைலன்சர் பக்கம் ஏதாவது மாட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

கறுப்புப் புகைக்கு நான் பார்த்தவரை அடிக்கடி காரணமாக இருப்பது ஏர் ஃபில்டர். தூசிக்குள்ளேயே வேலை செய்யும் வண்டிக்கு அது அடைப்பது இயல்பு. ஆனால் அதைச் சுத்தம் செய்கிற விதம்தான் பல இடத்தில் தப்பு. வெளி ஃபில்டரைக் குறைந்த அழுத்தக் காற்றில், சுமார் 2 பாருக்குள், உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். கம்ப்ரஸரை முழு வேகத்தில் வைத்து அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அந்த வழியாகத் தூசி உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் தேய்க்கும், அப்புறம் கறுப்புப் புகை போய் நீலப் புகை வரும். உள் ஃபில்டரைச் சுத்தமே செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். தட்டித் தட்டிச் சுத்தம் செய்வதைவிட, அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டரைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் கை வைப்பது நல்லது.

அடுத்தது, பவர் கூட்டுகிறேன் என்று டீசல் பம்ப்பில் அளவைத் திருகிவிடுவது. உள்ளே வரும் காற்று அதேதான், டீசல் மட்டும் கூடினால் அது கரியாகத்தான் வெளியே வரும். கொஞ்சம் இழுவை கூடுவது உண்மை, ஆனால் கூடுதலாகப் போன டீசலில் பெரும் பங்கு புகையாகிறது, பிஸ்டனும் டர்போவும் தாங்க வேண்டிய சூடும் ஏறுகிறது. தொழிற்சாலை வைத்த அளவுக்குத் திருப்பிவிடுவதுதான் இருக்கிற வழிகளிலேயே மலிவானது.

ஓட்டும் விதத்திலும் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். பாரம் குறைவான வேலைக்கு ஒரு கியர் மேலே போட்டு ஆர்.பி.எம்.மைக் குறைத்தால் அதே வேகம், குறைந்த டீசல். ஆனால் பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் சக்தியைக் கருவிக்குத் தரும் சுழல்தண்டில், ஓடும் கருவிக்குக் குறிப்பிட்ட வேகம் தேவை என்றால் இதைச் செய்ய முடியாது, இன்ஜின் திணறி கறுப்பாகத் துப்ப ஆரம்பித்தாலும் உடனே கியரை இறக்கிவிட வேண்டும். டயர் வழுக்கலும் அப்படித்தான்: மண்ணில் இழுக்கும்போது 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இயல்பு, அதற்கு மேல் போனால் டீசல் மண்ணைக் கிளறத்தான் செலவாகிறது. எடையும் டயர் காற்றழுத்தமும் வேலைக்குத் தக்கபடி வைத்தால் இது சரியாகும். உழவின் எண்ணிக்கையைக் குறைப்பது, இரண்டு வேலையை ஒரே ஓட்டத்தில் முடிப்பது, இவையெல்லாம் நாக்ஸ், கரி, கரியமில வாயு மூன்றையும் ஒரே சேரக் குறைக்கும். டீசல் வண்டியில் மாட்டும் எந்தக் கருவியும் இப்படி மூன்றையும் சேர்த்துக் குறைப்பதில்லை, இதை நான் அழுத்தியே சொல்வேன். அந்த ஓட்டமே நடக்கவில்லை என்றால் அதற்கான புகையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். கறுப்புப் புகை நின்றுவிட்டது என்பதால் வண்டி சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்ஜெக்ஷன் டைமிங்கை முன்னால் தள்ளினால் புகை குறையும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நாக்ஸ் ஏறியிருக்கும். மிக நுண்ணிய துகள்களும் கண்ணில் படாது.

எரிபொருளை மாற்றினால்?

கந்தகம் குறைந்த டீசல் கிடைக்கிறதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அமெரிக்காவில் வயல் இயந்திரங்களுக்கான டீசலில் கந்தகம் 2010 முதல் பத்து லட்சத்தில் 15 பங்கு, ஐரோப்பாவில் 10 பங்கு என்று வரம்பு உண்டு. கந்தகம் அதிகமுள்ள டீசலில் கேட்டலிஸ்ட், அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி, விஷமேறிச் செத்துப்போகும். அதனால் கீழே சொல்லப்போகிற எந்தக் கருவியை மாட்டுவதற்கு முன்னாலும் டாங்கில் ஊற்றுவது என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைவு என்று கலப்பட டீசல் ஊற்றும் பழக்கம் இருந்தால் கருவி பக்கமே போக வேண்டாம்.

பயோடீசல் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் நல்ல பக்கத்தையே சொல்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 20 சதவீதம் கலந்த பி20 எரிபொருளுக்குக் கரித்துகள் சுமார் 10 சதவீதமும் கார்பன் மோனாக்ஸைடு சுமார் 11 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் சுமார் 21 சதவீதமும் குறைந்தன, நாக்ஸ் சுமார் 2 சதவீதம் கூடியது. சாலை வாகனங்களின் இன்ஜின்களில் எடுத்த கணக்கு அது, ஆனாலும் திசை தெரிகிறது. ஆக, பழைய இன்ஜினில் மிதமான பலன் உண்டு. ஆனால் பண்ணை வண்டிக்கு வேறொரு குணம் இருக்கிறது: பருவத்துக்குப் பருவம்தான் ஓடும், நடுவில் மாதக்கணக்கில் டாங்கில் எரிபொருளோடு நிற்கும். பயோடீசல் தண்ணீரை இழுக்கும், நாளாக நாளாகக் கெட்டும் போகும். பழைய டாங்கின் அடியில் படிந்த அழுக்கை அது கரைத்து எடுத்துக்கொண்டு வருவதால் மாறிய புதிதில் டீசல் ஃபில்டர் அடைக்கும், கையில் கூடுதலாக இரண்டு ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது ஊறவைத்துவிடும். தினமும் ஓடும் வண்டிக்குச் சரி, வருஷத்தில் பாதி நாள் நிற்கும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையல் எண்ணெயை அப்படியே டாங்கில் ஊற்றுவது வேறு கதை, அது பயோடீசலே கிடையாது; டீசலைவிடப் பல மடங்கு கெட்டியான அந்த எண்ணெய் இன்ஜெக்டர் முனையில் கரி கட்டி, பிஸ்டன் ரிங்கை ஒட்டவைத்து, கடைசியில் இன்ஜினையே பிரிக்க வைக்கும்.

தாவர எண்ணெயையோ கொழுப்பையோ ஹைட்ரஜன் சேர்த்துப் பதப்படுத்திச் செய்யும் புதுப்பிக்கத்தக்க டீசல் இதைவிட நல்ல பொருள். வேதியியலில் அது டீசல் மாதிரியே இருப்பதால் சேமித்து வைக்கலாம், சீல் பிரச்சினை பெரிதாக இல்லை, தீப்பற்றும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண் 70-க்கு மேல். அதனால் குளிரில் வெள்ளைப் புகை குறையும், பழைய இன்ஜின்களில் கரியும் குறையும். கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு, பழைய வண்டியை ஒரு நட்டு கூடக் கழற்றாமல் மேம்படுத்த இதுதான் சுலபமான வழி. கிடைக்காத இடத்தில் பேசிப் பயனில்லை.

பழைய வண்டியில் கருவி மாட்டுவது

இங்கே இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டும். ஒன்று ஆக்ஸிடேஷன் கேட்டலிஸ்ட், டி.ஓ.சி. என்பார்கள். சைலன்சர் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய அதே அளவில் உட்கார்ந்துகொள்ளும். கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், துகள்மேல் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை எரிக்கும், அதனால் துகளின் எடை ஏறக்குறைய 20 முதல் 40 சதவீதம் வரை குறையும், டீசல் புகையின் அந்தக் கண் எரிச்சலும் நாற்றமும் நன்றாகக் குறையும். பராமரிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் கரியின் கருவை இது தொடாது, நாக்ஸின் மொத்த அளவையும் குறைக்காது.

இன்னொன்று துகள் வடிகட்டி, டி.பி.எஃப். தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி, ஒன்றுவிட்டு ஒரு துளை அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவர் வழியாகத்தான் போயாக வேண்டும், கரி சுவரில் தங்கிவிடும். 95 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். கேட்கும்போது இதுதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் பிடித்த கரியை எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிஜனில் எரிய 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். முன்னால் ஒரு டி.ஓ.சி. இருந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு கிடைத்தால் 250 முதல் 400 டிகிரியிலேயே மெதுவாகத் தானாக எரியும். இப்போது ஆரம்பத்தில் நான் கேட்ட கேள்வி ஏன் என்று புரியும். உழவு, ரோட்டவேட்டர், அறுவடை மாதிரி வேலையில் புகை தானாகவே அந்தச் சூட்டை எட்டிவிடும். முன்புறக் கரண்டியால் அள்ளிப்போடும் வேலை, தெளிப்பு, காலி டிரெய்லர், இவற்றில் புகை 200 டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் நடந்ததையே சொல்கிறேன். தீவனம் அள்ளும் வண்டிக்கு, மாட்டுக்கொட்டகைக்குள் புகை வருகிறதே என்ற நல்ல எண்ணத்தில், ஒரு விற்பனையாளர் பேச்சைக் கேட்டு டி.பி.எஃப். மாட்டினார்கள். அந்த வண்டி ஐந்து நிமிஷம் ஓடும், பத்து நிமிஷம் நிற்கும், மறுபடி ஐந்து நிமிஷம். மாட்டும் முன் புகையின் சூட்டை ஒருவரும் அளக்கவில்லை. சில வாரங்களில் வண்டி இழுக்க முடியாமல் திணறியது, வடிகட்டியைக் கழற்றி ஊதி மாட்டினார்கள், மறுபடி அதே கதை, கடைசியில் வெற்றுக் குழாயை வைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட பணம் அப்படிப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அந்த வண்டிக்கு டி.ஓ.சி. போதும், அல்லது மின்சார வண்டிக்கே போயிருக்கலாம்.

ஆகவே யாராவது டி.பி.எஃப். விற்க வந்தால், புகைக்குழாயில் வெப்பப் பதிவுக் கருவி வைத்து, வழக்கமான வேலை நாட்களில் சில நாள் ஓட்டிப் பதிவெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவெடுக்க மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, ஆயில் குடிக்கும் தேய்ந்த இன்ஜினுக்கு டி.பி.எஃப். ஆகவே ஆகாது. இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து சாம்பலாகும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டியை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வரும். அதனால்தான் டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம்.

பழைய வண்டியில் நாக்ஸைக் குறைக்கக் கருவி மாட்டுவது நடைமுறையில் ரொம்பச் சிக்கல். சென்சார், பம்ப், கணினி எல்லாம் சேர்த்து ஒட்டவைக்க வேண்டும். நாக்ஸ்தான் கவலை என்றால் இன்ஜினையோ வண்டியையோ மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

புது வண்டி: இ.ஜி.ஆரா, எஸ்.சி.ஆரா?

இரண்டுமே நாக்ஸைக் குறைக்கும் வழிகள்: இ.ஜி.ஆர். புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுகிறது, எஸ்.சி.ஆர். வெளியே வரும் புகையில் யூரியா கரைசலைத் தெளிக்கிறது. இந்தச் சண்டை 2011 வாக்கில் உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவின் இடைக்கால நான்காம் கட்டப் புகை விதிகள் பெரிய இன்ஜின்களுக்கு வந்தபோது டிராக்டர் நிறுவனமான ஜான் டீர் குளிரூட்டப்பட்ட இ.ஜி.ஆர். கூட டி.பி.எஃப். என்ற பாதையில் போனது, கேஸ் ஐ.ஹெச்., ஏஜ்கோ போன்ற போட்டி நிறுவனங்கள் யூரியா தெளிக்கும் எஸ்.சி.ஆர். பாதையில் போயின. இறுதிக் கட்ட விதிகள் வந்தபோது ஜான் டீரும் எஸ்.சி.ஆரைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பாவின் ஐந்தாம் கட்ட விதிகள் 2019, 2020-ல் துகளின் எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்ததால், 19 முதல் 560 கிலோவாட் வரையான இன்ஜின்களில் டி.பி.எஃப். ஏறக்குறையக் கட்டாயமாகிவிட்டது. ஆக, இன்று பெரிய வண்டி வாங்கினால் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருப்பது பராமரிப்புக்கு உதவும்.

இ.ஜி.ஆர். என்பது வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி சிலிண்டருக்குள் விடுவது. ஆக்ஸிஜன் குறைந்து சுடரின் சூடு இறங்கும், நாக்ஸ் குறையும். வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டியதில்லை, அது பெரிய வசதி. பதிலுக்குக் கரி கூடும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், வால்விலும் குழாய்களிலும் கரி படியும். வைக்கோல் தூசியில் ரேடியேட்டர் அடைபடும் வேலை என்றால் இந்தக் கூடுதல் சூடு சும்மா இல்லை, தினமும் ரேடியேட்டரைத் துப்புரவு செய்ய ஆள் வேண்டும்.

எஸ்.சி.ஆர். எரிப்பைத் தொந்தரவு செய்யாமல், வெளியே வந்த நாக்ஸை அம்மோனியாவால் நைட்ரஜனும் தண்ணீருமாக மாற்றுகிறது. அம்மோனியா வருவது 32.5 சதவீத யூரியா கரைசலிலிருந்து, ஆட்ப்ளூ என்றும் டி.இ.எஃப். என்றும் விற்பது. நாக்ஸை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், இன்ஜினை டீசல் சிக்கனத்துக்குத் தகுந்தபடி அமைக்கலாம், ஆனால் டீசலில் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் அளவுக்கு இந்தக் கரைசல் செலவாகும். புகை சுமார் 200 டிகிரிக்குக் கீழே இருந்தால் தெளிப்பே நடக்காது, எனவே இதற்கும் பாரம் வேண்டும்.

பண்ணையில் இந்தக் கரைசலை வைத்திருப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 25 டிகிரியில் ஏறக்குறைய 18 மாதம் தாங்கும், 35 டிகிரியில் 6 மாதம்தான். தகரக் கூரையின் கீழ் வெயிலில் வைத்தால் போன பருவத்துக் கரைசலை இந்தப் பருவத்தில் ஊற்றக்கூடாது. மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும், உருகிய பிறகு பயன்படுத்தலாம், அதில் கெடுதல் இல்லை. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய பாத்திரம் எதிலும் ஊற்றக்கூடாது. டீசலுக்குப் பயன்படுத்திய புனலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, சில துளி டீசல் போதும், கேட்டலிஸ்ட் வரை கெட்டுவிடும். உரமாக வைத்திருக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது, அதில் உள்ள கலப்புப் பொருள்களும் சாதாரணத் தண்ணீரின் உப்பும் தெளிப்பு முனையிலும் கேட்டலிஸ்டிலும் படிந்து, மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

சின்ன வண்டி வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விதியில் 19 கிலோவாட்டுக்குக் குறைந்த, அதாவது சுமார் 25 குதிரைத்திறனுக்குக் கீழான இன்ஜினுக்குத் துகள் வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 0.40 கிராம், 56 முதல் 560 கிலோவாட் வரை 0.02 கிராம். இருபது மடங்கு வித்தியாசம். புதுசு என்பதாலேயே சின்ன வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது.

பழையதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

1996-ல் வந்த அமெரிக்காவின் முதல் கட்ட விதிப்படி 130 முதல் 560 கிலோவாட் வரையான இன்ஜின் ஒரு கிலோவாட்-மணிக்கு 9.2 கிராம் நாக்ஸ், 0.54 கிராம் துகள் வரை விடலாம். இறுதிக் கட்டத்தில் 0.40 கிராம், 0.02 கிராம். வகுத்துப் பாருங்கள்: பழையது ஒரு மணி நேரம் ஓடினால், புதியது 23 மணி நேரம் ஓடி விடும் நாக்ஸும் 27 மணி நேரம் ஓடி விடும் துகளும் வெளியே வரும். வருஷம் 1,000 மணி நேரம் ஓடும் பழைய வண்டியை மாற்றுவதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. கலிஃபோர்னியா 1998 முதல் கார்ல் மோயர் திட்டத்தில் பழைய இன்ஜினை மாற்றப் பணம் கொடுப்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், பழைய இன்ஜினை விற்காமல் பயன்படாதபடி உடைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை. இல்லையென்றால் புகை இடம்தான் மாறும்.

வருஷம் 100 மணி நேரம் மட்டும் ஓடும் பழைய வண்டியை மாற்றுவதோ வேறு கதை. அதற்குப் போடும் பணத்தில் அதிகம் ஓடும் இன்னொரு வண்டியைச் சரிசெய்தால் பல மடங்கு புகை குறையும். பல வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து வண்டிகளை வரிசைப்படுத்துங்கள், சுத்தமான வண்டிக்கு அதிக மணி நேர வேலையைக் கொடுங்கள், பழையதை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பழைய வண்டியின் சேசிஸில் புது இன்ஜின் மட்டும் வைப்பது, படத்தில் பார்க்க அழகு. டி.பி.எஃப்., எஸ்.சி.ஆர்., பெரிய ரேடியேட்டர், கரைசல் டாங்க் எல்லாவற்றுக்கும் பானெட்டுக்குள் இடம் வேண்டும், வயரிங் வேண்டும். சுயமாக ஓடும் பெரிய தெளிப்பான், நீர்ப்பாசன இன்ஜின் மாதிரி இடமுள்ளவற்றுக்குச் சரி. சாதாரண டிராக்டருக்கு நான் யோசிப்பேன்.

மின்சாரம், மீத்தேன்

மின்சார டிராக்டர் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் கத்துபவர்கள் இருவருமே கணக்குப் போடுவதில்லை என்று தோன்றுகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி ஆற்றல், அதில் 35 சதவீதம் சக்கரத்துக்கோ பி.டி.ஓ.வுக்கோ வந்தால் 3.5. ஒரு நாளைக்கு 150 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 525 கிலோவாட்-மணி வேலை. மோட்டார் இழப்பைச் சேர்த்தால் சுமார் 580 கிலோவாட்-மணி பாட்டரி வேண்டும், ஒரு கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தால் ஏறக்குறைய 4 டன் எடை. மண்ணை அழுத்தும் அந்த எடையோடு நாள் முழுக்க உழவு ஓட்டுவது இப்போதைக்கு ஆகாது. அதே கணக்கைச் சின்ன வண்டிக்குப் போடுங்கள்: சராசரி 10 கிலோவாட்டில் 4 மணி நேர வேலை என்றால் 45 கிலோவாட்-மணி பாட்டரி, சுமார் 300 கிலோ. எப்படியும் எடை கட்டித்தானே ஓட்டுகிறோம், இது பொருந்தும். கொட்டகை, பசுமைக்குடில், பழத்தோட்டம், தீவனம் அள்ளுதல், அதாவது டி.பி.எஃப். திணறும் அதே இடங்களில் மின்சாரம் சிரமமில்லாமல் வேலை செய்யும். வேலை விட்டுவிட்டு நடப்பதால் நடுவில் சார்ஜ் ஏற்றவும் முடிகிறது.

நீர் இறைக்கும் டீசல் இன்ஜினுக்கு ஒப்பீடே தேவையில்லை. அது ஓரிடத்தில் நிற்கிறது, மணிக்கணக்கில் ஓடுகிறது. மின்கம்பி வருமென்றால் மின்மோட்டார், வராதென்றால் சூரியத் தகடு. வடிகட்டி, கரைசல், பயோடீசல் எதையும் யோசிக்காமல் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

மீத்தேனில் ஓடும் டிராக்டரை நியூ ஹாலண்ட் டி6.180 என்ற மாடலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தீப்பொறியால் பற்றவைக்கும் இன்ஜின், மூவழிக் கேட்டலிஸ்ட் ஒன்றே போதும், டி.பி.எஃப்.பும் யூரியாவும் இல்லை. சொந்தமாகச் சாண எரிவாயு ஆலை வைத்து, அதைச் சுத்திகரித்து அழுத்தும் வசதியும் உள்ள பெரிய பண்ணைக்கு இது அருமையான பொருத்தம். இல்லாதவர்களுக்கு இல்லை.

கடைசியாக, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. டி.பி.எஃப்.பை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு, கணினியையும் ஏமாற்றி விற்கும் வண்டிகள் சுற்றுகின்றன. பல நாடுகளில் அது சட்டவிரோதம், அதைவிட முக்கியம், அந்த இன்ஜின் வடிகட்டி உண்டு என்ற நம்பிக்கையில் கரி அதிகம் விடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். எனவே வடிகட்டி இல்லாமல் அதை ஓட்டுபவர் பழைய வண்டியைவிட மோசமான காற்றைச் சுவாசிக்க நேரலாம். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, குழாய் ஆறிய பிறகு, வெள்ளைத் துணியை விரலில் சுற்றிப் புகைக்குழாயின் உள்பக்கம் துடையுங்கள். வடிகட்டி நன்றாக இருக்கும் வண்டியில் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். கறுப்பாக வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது அல்லது உள்ளே இல்லவே இல்லை, விலை பேசும் முன் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.